மட்டக்குதிரைக்குப் பொட்டு

செப்டம்பர் 3, ஞாயிறு

இந்த டைரி டாக்டர் கொடுத்தது. மருந்துக் கம்பெனி டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மாத்திரை படம் போட்டிருக்கிறது. "தினமும் சுகர் பார்த்து இதுல எழுதி வைங்க பொன்னுரங்கம். வேற ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றார். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். எழுத இடம் கிடைத்தால் விடுவேனா?

சுகர்: இன்று பார்க்கவில்லை.

இன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை என்று இன்னும் சொல்லக் கூடாதாம், என் மனைவி தவமணி உத்தரவு. ரூபன் என்று சொல்கிறேன். எங்கள் மங்கையும் அவனும் கோயம்புத்தூரில் ஒரே கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கிற வேலை. நானும் கண்ணாடி வேலை, மகளும் கண்ணாடி வேலை. நான் சாமி படத்துக்குப் போடுகிறேன், அவள் ஆசாமிக்குப் போடுகிறாள்.

ரூபனின் அம்மா சுகிர்தம் டீச்சர். கோத்தகிரியில் பள்ளிக்கூடத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். அப்பா தேவசகாயம் இறந்து நாலைந்து வருஷம் ஆகிறது. அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில், சாப்பாடு இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு மண்டபத்தில் என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். எங்களுக்கு மிச்சம் வைத்தது பஜ்ஜி சாப்பிடுவது மட்டும்தான்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது நான் வாயைத் திறந்தேன்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். கல்யாணத்துக்கு அப்புறம் எம் பொண்ணு பொட்டு வச்சுக்கலாம்ங்களா? நீங்க பர்மிஷன் குடுப்பீங்களா?"

டீச்சர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "சார், நாங்க யார் நெத்தியையும் துடைக்கிற ஆளுங்க இல்ல" என்றார். அப்புறம் மழை எப்போது விடும் என்று பேசினோம். நாள் குறிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் போன பிறகு மங்கை சமையல்கட்டில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல், "என் நெத்திக்கு நான் பேச மாட்டனாப்பா?" என்றாள்.

பஜ்ஜி மீந்துவிட்டது. நான்தான் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

பத்து நாளாக கோத்தகிரியில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. மங்கை போனில் "ம்", "சரி", "சாப்பிட்டேன்" என்று மூன்று வார்த்தையில் பேசிக்கொண்டிருந்தாள். தவமணி என்னிடம் அந்த மூன்றும் பேசவில்லை.

இன்று காலை பதினோரு மணிக்கு டீச்சரே என் பிரேம் கடைக்கு வந்தார். கையில் பழைய போர்வையில் சுற்றிய ஒரு படம். பிரேமைக் கரையான் தின்றுவிட்டது, கண்ணாடியில் கீறல். உள்ளே ஒரு குதிரை.

"இது எங்க வீட்டுக்காரரோட படம் சார். எஸ்டேட் பங்களாவைக் காலி பண்ணப்போ தூக்கிப் போடப் போனாங்களாம், கேட்டு வாங்கிட்டு வந்தார். மிருகங்களைப் பத்தி வெள்ளைக்காரங்க போட்ட பழைய புஸ்தகத்துல இருந்து பிரிச்ச பக்கம். செப்புத் தகட்டுல செதுக்கி, கறுப்பு மையில அச்சடிச்சு, அப்புறம் கையால கலர் குடுப்பாங்களாம். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா."

நல்லா பண்ணித் தரேன் என்றேன். அவர் படியில் இறங்கிவிட்டு நின்றார்.

"வீட்டுல அந்த இடம் காலியா இருக்கு சார். இது வந்ததும், சுவத்துல மாட்டிட்டு, எல்லாரும் உக்காந்து அன்னைக்கே நாள் பேசிடலாம்."

எனக்கு விஷயம் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. அதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார். தவமணிக்குப் போன் போட்டேன். "சமாதானத்துக்கு வந்திருக்காங்க. அந்தக் குதிரையை ஒழுங்கா முடிச்சுக் குடுங்க. வாயைத் திறக்காம" என்றாள். மங்கைக்குச் சொன்னேன். இன்று நிறைய வார்த்தை பேசினாள்.

சுகர்: பார்க்க மறந்தது.

செப்டம்பர் 15, வெள்ளி

பழைய பிரேமில் இருந்து தாளைப் பிரித்து எடுத்தேன். தடித்த தாள். ஓரமெல்லாம் டீக்கறை நிறம். கீழே சாய்வெழுத்து இங்கிலீஷில் இருப்பதைப் போட்டோ எடுத்து மங்கைக்கு அனுப்பினேன். மட்டக்குதிரை என்று போட்டிருக்கிறதாம். குட்டிக் கால், பெரிய தொந்தி, நெற்றியில் பாதி மறைக்கிற பிடரி மயிர். உடம்பு பக்கவாட்டில், முகம் மட்டும் நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, யாரோ கூப்பிட்ட மாதிரி. நிறம் நல்ல பாக்குநிறம். தொந்தியைப் பார்த்ததும் எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது. மாலையில் கண்ணாடி முன் சட்டை மாற்றும்போது எங்கே என்று தெரிந்தது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உடம்பு முழுக்கத் தலைமுடியை விட மெல்லிசான கோடுகள். அதற்கு மேல் தண்ணீர் மாதிரி வண்ணம். பின்னங்கால் ஒன்றில் மட்டும் புல்லின் பச்சை கோட்டைத் தாண்டிக் குளம்பில் ஏறியிருக்கிறது. இவ்வளவு சுத்தமான வேலையில் ஒரு வழிசல்! எனக்கு அந்த வெள்ளைக்காரப் பெயிண்டர் மீது பாசம் வந்துவிட்டது. பாவம், அவனுக்கும் வீட்டில் பெண் கல்யாணம் இருந்திருக்கும். கை நடுங்கியிருக்கும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

மங்கை வந்திருந்தாள். தேக்குச் சட்டம் வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது, ஆனால் மழைக்காலம், மரம் கொஞ்சம் ஆற வேண்டும் என்றேன். கண்ணாடி? கோயம்புத்தூரில் இருந்து வர வேண்டும் என்றேன்.

"சாமி படமெல்லாம் ஒரு மணி நேரத்துல போட்டுத் தரீங்களேப்பா."

"சாமி கோவிச்சுக்காது. டீச்சர் கோவிச்சுக்குவாங்க."

சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட். கையை ஆட்டினாள். அப்புறம் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவுதான். சும்மா போனேன். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய், குதிரையைப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 2, திங்கள்

லீவு. சுகர் பார்த்தேன். எழுதும்படி இல்லை.

டீச்சர் போன் செய்தார். "அவசரமில்ல சார், சும்மா கேட்டேன்" என்றார். எனக்கும் அவசரமில்லை என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தவமணி பிறகு விளக்கினாள், சத்தமாக.

மரம் ஆறுகிறது. நல்ல வேலைக்கு நேரம் பிடிக்கும்.

அக்டோபர் 11, புதன்

ஆயுதபூஜை வருகிறதே என்று தவமணி கடையைச் சுத்தம் செய்ய வந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை வருகிற ரெய்டு. பீரோவுக்குப் பின்னால் இருந்து, பேப்பரில் சுற்றிய ஒரு கண்ணாடியை இழுத்தாள். பேப்பரைப் பிரித்துத் தேதியைப் படித்தாள்.

"செப்டம்பர் பத்தொம்போது. ஏங்க, கண்ணாடி இன்னும் வரலைன்னீங்க?"

"அது வேற கண்ணாடி."

அவள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் குதிரை மேல் வைத்துப் பார்த்தாள். ஓரம் ஓரத்தோடு சரியாக உட்கார்ந்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. கண்ணாடியைத் திரும்ப எடுத்துப் பேப்பரில் சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"வீடு எனக்கும்தாங்க காலியா இருக்கப் போகுது" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

அவள் எதற்காக அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. இங்கே எழுத்தில் பதிவு செய்கிறேன்: அது வேற கண்ணாடி.

அக்டோபர் 23, திங்கள்

என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தால் இன்றைக்கு நடந்ததை வாசலில் மாட்டலாம்.

ஆயுதபூஜை. கடையைக் கழுவி, மாவிலை கட்டி, சாமான்களை எல்லாம் வேலை மேஜை மேல் வரிசையாக அடுக்கினேன். ரம்பம், சுத்தியல், கண்ணாடி வெட்டுகிற வைரமுனை, இடுக்கி, அளவுச் சட்டம், பசை டப்பா, பில் புக், கால்குலேட்டர். ஒரு கையில் குழைத்த சந்தனம், ஒரு கையில் குங்குமம். தவமணி வெளியே ஸ்கூட்டருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். சந்தனம், குங்குமம், அடுத்தது. சந்தனம், குங்குமம், அடுத்தது. கை அதுபாட்டுக்குப் போகிறது. வாய் ஏதோ முணுமுணுக்கிறது. மனசு பொரி கடலையில் இருக்கிறது.

பசை டப்பாவுக்கு அடுத்து, மேஜை ஓரத்தில், அட்டையில் சாய்த்து வைத்த குதிரை. கண்ணாடி இல்லாத குதிரை.

சந்தனம். குங்குமம். அடுத்தது கால்குலேட்டர் என்று கை போனபோதுதான் மூளை வந்து சேர்ந்தது.

நெற்றிக்கு நடுவில், பிடரி மயிருக்குக் கீழே, அச்சு அசலாக வைத்திருக்கிறேன். தாளின் மேலேயே. இத்தனை வருஷப் பழக்கம், இம்மி விலகவில்லை.

"தவமணீ!"

அவள் வந்து பார்த்தாள். வாயில் கை வைத்தாள். "அவங்க படத்துக்கா? அவங்க வீட்டுப் படத்துக்கா? பொட்டுப் பஞ்சாயத்துல நாள் நின்னுபோன வீட்டுப் படத்துக்கா?"

பஞ்சை எடுத்துத் தொட்டும் தொடாமலும் ஒற்றினேன். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் ஈரத்தோடு தாளில் இறங்கிவிட்டது. மிளகளவு இருந்தது பட்டாணி அளவு ஆனது.

"போதும் விடுங்க. இன்னும் தொட்டீங்கன்னா மாலை ஒண்ணுதான் பாக்கி" என்றாள் தவமணி. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகை வந்தது. பொரி கடலையை யாரும் தொடவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

மங்கைக்குப் போனில் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றேன்.

"அப்பா, வேணும்னே வச்சீங்களா?"

"இல்லம்மா."

"சரி."

நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்டுவிட்டாள். எம் பொண்ணு என்னைப் பார்த்து அப்படிக் கேட்கிற மாதிரி நான் நடந்திருக்கிறேன். மரம் ஆற வேண்டும், கண்ணாடி வர வேண்டும் என்று சொன்னவன் சொல்வதை எந்தப் பெண் நம்புவாள்? தேக்கு என்ன, பாயசமா ஆறுவதற்கு?

இந்தக் கல்யாணம் நின்றுவிட்டால் என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைக்கு மேல் யோசிக்க முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் வீட்டுக்கு வருவாள், ஆமாம். அந்த மூன்று வார்த்தையோடு வருவாள்.

சுகர்: 212. இது குதிரையால்.

அக்டோபர் 25, புதன்

காலையில் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு, பாக்குநிறத்தில் பெயிண்ட் கலக்கினேன். சட்டங்களில் கீறல் விழுந்தால் தொட்டுக்கொடுக்க எல்லா நிறமும் என்னிடம் இருக்கிறது. நாலாவது கலவையில் அந்த நிறமே வந்துவிட்டது. எப்படியும் கையால் கலர் கொடுத்த படம்தானே. இன்னொரு கை பட்டால் யாருக்குத் தெரியும்? நுனி மெலிந்த பிரஷ்ஷை எடுத்துக் குனிந்தேன்.

குதிரை என்னையே பார்த்தது. ஏற்கெனவே சொன்னேன் அல்லவா, யாரோ கூப்பிட்டுத் திரும்பின மாதிரி முகம்.

நான் யோசித்தது பெரிய நியாயம் ஒன்றும் இல்லை. சம்பந்தி வீட்டுக்கு நாளைப்பின்னே விருந்துக்குப் போவேன். இலை போட்டு மீன் குழம்பு ஊற்றுவார்கள். நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் இது. பெயிண்டுக்கு அடியில் பொட்டு இருப்பது எனக்கும் குதிரைக்கும் மட்டும் தெரியும். சாப்பிட முடியுமா? ஆயுசு முழுக்க அந்த வீட்டில் மீன் குழம்பு இறங்காது.

பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு டீச்சருக்குப் போன் போட்டேன். "படத்துக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன் டீச்சர். போன்ல சொல்ற மாதிரி இல்ல. நேர்ல வந்து பாருங்க." சனிக்கிழமை வருகிறேன் என்றார். குரலில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. டீச்சர் குரல். பரீட்சை பேப்பர் கொடுக்கிறவர்களுக்கு இருக்குமே, அந்தக் குரல்.

அக்டோபர் 28, சனி

எல்லாவற்றையும் அப்படியே எழுதுகிறேன். மாத்திரைப் படத்தின் மேலேயும் எழுத வேண்டியிருக்கும்.

டீச்சர் வந்தார். மங்கையும் லீவு போட்டு வந்திருந்தாள். தவமணி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் படத்தின் மேல் மூடியிருந்த துணியை எடுத்தேன்.

டீச்சர் பார்த்தார். கைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்குச் சத்தம் இல்லாவிட்டால் பிடிக்காது, அதனால் பேச ஆரம்பித்தேன்.

"ஆயுதபூஜைங்க டீச்சர். வரிசையா வச்சுட்டே வந்தேன். ரம்பத்துக்கு, சுத்தியலுக்கு... கண்ணாடி முன்னமே வந்துருச்சு, நான்தான் போடாம வச்சிருந்தேன். போட்டிருந்தா இது நடந்திருக்காது. மரம் ஆறணும்னு சொன்னதும் சும்மா சொன்னது. வேணும்னு வைக்கலீங்க. சத்தியமா..."

மங்கை என்னைப் பார்த்தாள். கண்ணாடி விஷயம் அவளுக்கு இப்போதுதான் தெரியும் என்று நினைத்தேன்.

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "பொண்ணுக்குப் பொட்டு வைக்க எங்கிட்ட பர்மிஷன் கேட்டீங்க. குதிரைக்கு மட்டும் கேக்காமயே வச்சுட்டீங்க."

சிரிக்கிறாரா கோபிக்கிறாரா என்று தெரியவில்லை. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டுமே என்று பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினேன்.

"இங்க பாருங்க டீச்சர், இந்தப் பின்னங்கால். புல்லுப் பச்சை குளம்புல ஏறியிருக்கு பாருங்க. அந்தக் காலத்து வெள்ளைக்காரன், எவ்வளவு பெரிய வேலைக்காரன், அவனுக்கே கை தவறியிருக்கு. நாம எம்மாத்திரம்?"

டீச்சர் குனிந்து பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தவமணி எழுந்துவிட்டாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். சிரித்துச் சிரித்து வந்தது.

"சார், அந்த வெள்ளைக்காரன் கோயம்புத்தூர்ல உங்க பொண்ணோட வேலை பாக்கிறான்."

"ஆங்?"

"ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது கலர் பெட்டி வாங்கிக் குடுத்தோம். அப்போ இதுக்குக் கண்ணாடி கிடையாது. நாற்காலி போட்டு ஏறி, புல்லு பத்தலைன்னு பச்சை அடிச்சிருக்கான். நான் ஸ்கேலைத் தூக்கிட்டேன். இவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'புல்லுல நிக்கிற குதிரை, கால்ல புல்லு ஒட்டத்தான் செய்யும், விடு'ன்னார். அடுத்த வாரமே கண்ணாடி போட்டார். இன்னொரு காலுக்கு அடிக்காம இருக்க."

ஒன்றரை மாதமாக அந்தப் பெயிண்டருக்கு ஒரு குடும்பமே கட்டிக் கொடுத்திருந்தேன். பெண், கல்யாணம், கை நடுக்கம், எல்லாம். கடைசியில் பார்த்தால் மாப்பிள்ளை.

மங்கை சிரிப்பை அடக்க முடியாமல் சுத்தியலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நிறம் கலந்து மறைச்சுடட்டுங்களா டீச்சர்? நிறம் கூட ரெடியா இருக்கு" என்று கேட்டேன்.

டீச்சர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம். காலையும் விட்டுட்டோம், நெத்தியையும் விட்டுடலாம். கண்ணாடியைப் போடுங்க. இனி யாரும் எதுவும் பண்றதுக்குள்ள போடுங்க."

அவர் கிளம்பும்போது நான் மெதுவாக, "அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க" என்றேன்.

"கேட்டிருக்கலாம். எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாது" என்று மங்கை பக்கம் கண்ணைக் காட்டினார்.

டீச்சர் போன பிறகு மங்கை பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "வேற கண்ணாடியாப்பா?" என்றாள். அவளுக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். சொன்னவள் அப்போது ரொம்ப அக்கறையாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் முடித்தேன். சாமி படம் மாதிரி. மங்கை சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள், நான் ஆணி அடித்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

கோத்தகிரி. டாக்சி. படத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வளைவிலும் தவமணி "மெதுவா, மெதுவா" என்றாள். டிரைவர் தன்னைச் சொல்கிறாள் என்று நினைத்து மாட்டு வண்டி போல் ஓட்டினார்.

ரூபன் பழைய ஆணியிலேயே மாட்டினான். பச்சை அடித்த கையா இது என்று பார்த்தேன். வெட்கப்பட்டான்.

டீச்சர் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நேரா இருக்கான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க சம்பந்தி" என்றார்.

இடது பக்கம் ஒரு நூல் இறங்கியிருந்தது. "நேராத்தான் இருக்கு சம்பந்தி" என்றேன். படத்துக் கண்ணாடியைத் துண்டால் ஒரு முறை துடைத்தேன். பனி.

நாள் பேசினோம். பிப்ரவரியில். ரிஜிஸ்டர் ஆபீஸ் காலையில், சாப்பாடு மத்தியானம். சாப்பிடும் முன் டீச்சர் ஜெபம் செய்தார். தவமணி கண்ணை மூடிக்கொண்டாள், ஒன்றைத் திறந்து நான் மூடியிருக்கிறேனா என்று பார்த்தாள். நானும் ஒன்றைத் திறந்துதான் வைத்திருந்தேன். மீன் குழம்பு வந்தது. நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தேன். நன்றாக இறங்கியது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். அதற்கு மேல் கேக்.

சுகர்: பார்க்கப் போவதில்லை.

கிளம்பும்போது போட்டோ எடுத்தார்கள். மங்கை போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். குதிரையும் அவளும் ஒரே மாதிரி, நான் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் நெற்றியிலும் சிவப்புப் பொட்டு.

ஒன்று நான் வைத்தது. இன்னொன்று அவளே வைத்துக்கொண்டது. பார்க்க அவளுடையதுதான் அழகாக இருந்தது.